காம்போஜிக்கு நடுவே என் குரல் வந்த விவகாரம்

மந்தைவெளி,
திங்கட்கிழமை.

என் அக்கா பெற்ற செல்வமும், பெருங்குடிக் கம்ப்யூட்டர் கம்பெனியின் தூணும், நம் ஹாம் வானொலிப் பொழுதுபோக்குச் சங்கத்தின் மலர் ஆசிரியருமான மருமகன் செந்தில்குமாருக்கு, தாய்மாமன் கனகராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை தேவானையும் என் டிரான்ஸ்மிட்டரும் சூடு அதிகமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் பொன்மணியும் குழந்தையும் அதேபோல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்ஆப் இருக்கும்போது மாமா ஏன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். நான் அனுப்பிய குரல் பதிவுகள் ஒன்றுக்கும் நீலக் கோடு விழவில்லை. எல்லாம் சின்னச் சின்னப் பதிவுகள்தான், அரை மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. உன் போன் பழுது என்று நானே புரிந்துகொண்டேன். தபால்காரர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் ஆபீஸ் விலாசத்துக்கே போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழு. முதல் தீர்மானமே மொட்டை மாடியிலிருந்து என் ஆன்டெனாவை அப்புறப்படுத்துவது. இந்த இடம் யாருடைய இடம்? என் மைக் செட் கடையும் வீடும் இருந்த இடம். பில்டர் இடித்துக் கட்டி, எனக்கு இரண்டாம் மாடியில் ஒரு ஃப்ளாட்டைக் கொடுத்துவிட்டு, மீதியை இவர்களுக்கு விற்றான். இப்போது வந்தவர்கள் எல்லாம் மாடிக்குச் சட்டம் போடுகிறார்கள். என் ஆன்டெனா அப்படி என்ன பெரிய கோபுரமா? என் பால்கனியில் புறா வலையில் ஓட்டை போட்டு வெளியே விட்ட ஒற்றைக் கம்பி, அப்படியே சாய்வாக ஏறி மாடித் தண்ணீர்த் தொட்டியில் போய் முடிகிறது, அவ்வளவுதான். முழங்கால் காரணமாக நான் மேலே ஏறிப் பார்த்து நாளாகிறது. லிஃப்ட் மாடிக்குப் போகாது. ஆனால் நல்ல ஆன்டெனாவைப் போய்ப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சமீபத்தில்கூட ஜப்பான்காரன் ஒருவன் கிடைத்தான், பக்கத்துத் தெருவிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. அவன் பேசும்போது பின்னால் குப்பை வண்டி மணி கேட்டது. அங்கேயும் நம் ஊர் மாதிரியேதான் அடிக்கிறார்கள். உலகம் எவ்வளவு சுருங்கிவிட்டது பார்த்தாயா?

இந்தக் கம்பி போய்விட்டால், செந்தில், உன் மாமாவுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் டி.வி. ரிமோட் உன் அத்தை கையில். பூங்காவுக்குப் போனால் கிழவர்கள் எல்லாரும் சர்க்கரை அளவு சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பேச்சை முழுதாகக் கேட்கிறவன் ராயப்பேட்டை உபைத் ஒருவன்தான். பழைய கேசட் கடைக்காரன், என்னோடு லைசன்ஸ் பரீட்சை எழுதியவன். அவன் முதல் தடவையே பாஸாகிவிட்டான். எனக்கு மூன்று தடவை ஆயிற்று, ஏனென்றால் என் விடைகளைத் திருத்த முதல் இரண்டு தடவையும் தகுந்த ஆள் வரவில்லை. ஆகவே நீ ஞாயிறன்று வந்து, பி.இ. படித்தவன் என்ற முறையில், குற்றம் கனகராஜ் மாமாவின் ஆன்டெனா மேல் இல்லை, ஸ்ரீரங்கன் சாரின் வயர் மேல்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எந்தக் குற்றம் என்று கீழே வரும்.

அதற்கு முன் ஒன்று. "இவருக்கு ஆன்டெனாவைப் பத்தி என்ன தெரியும்?" என்று அடுக்குமாடிச் சங்கத்தின் பிரசிடென்ட் விஜயலக்ஷ்மி மேடம், ரிடையர்டு பேங்க் மேனேஜர், என் காதுபடவே கேட்டார். மலருக்குப் பழைய நினைவுகள் ஒரு பக்கம் கேட்டிருந்தாய் அல்லவா? இதோ சொல்கிறேன், அப்படியே அச்சடித்துக் கையோடு கொண்டுவா.

நான் இளவட்டமாக இருந்த காலத்தில் ஊருக்கு வெளியே வானொலிக்காரர்களின் பெரிய கம்பம் ஒன்று நின்றது. அந்த வகையில் கம்பத்தின் மேல் ஆன்டெனா இருக்காது, கம்பமே ஆன்டெனா. அடியில் பானை மாதிரி ஒரு பீங்கான், அதன் மேல் அத்தனை இரும்பும் ஒற்றைக் காலில் நிற்கும். அந்தக் கம்பத்தின் மேல் பாதியை உருவாக்கியவன் நான். உருவாக்கியது என்றால், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டேன். பெயிண்ட் அடித்தவன்தானே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். பட்டையின் அகலத்தை வைத்துத்தான் அலையின் நீளம் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கை வலித்து ஒரு பட்டையைக் கொஞ்சம் அகலமாக இழுத்துவிட்டேன், மறுநாள் முதல் ஸ்டேஷன் கொழும்பு வரை கேட்டது. நான் ஏறும்போது ஒலிபரப்பையே நிறுத்திவிடுவார்கள். நாட்டில் வேறு எந்த மனிதருக்காக வானொலியை நிறுத்தியிருக்கிறார்கள், நீயே சொல். பெரிய பெரிய இன்ஜினியர்கள் கழுத்து வலிக்கக் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள். டிகிரி அவர்களுக்கு, உயரம் எனக்கு. ஒலிபரப்பு ஓடும் நேரத்தில் வேலிக்குப் பக்கத்தில் ட்யூப் லைட்டைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் வயர் இல்லாமலே எரியும். கம்பத்தடியில் பச்சைப் புல்லை நீட்டினால் நுனியில் பொறி பறக்கும், அந்தப் பொறி பேசும். செய்தி நேரத்தில் புல் செய்தி வாசிக்கும், விவசாய நிகழ்ச்சியில் புல்லே உரம் போடும் முறையைச் சொல்லும். செந்தில், இது ஒன்றில் மட்டும் நான் சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. இது நாள் வரை நான் சொன்னதில் ஒருத்தரும் நம்பாததும் இது ஒன்றைத்தான்.

அதன் பிறகு ஆடியோ துறைக்கு வந்தேன். மயிலாப்பூர் மாங்கொல்லையில் நடந்த அத்தனை கூட்டங்களுக்கும் என் கூம்பு ஸ்பீக்கர்கள்தான். ஒரு பெரிய தலைவர், பெயர் வேண்டாம், மேடையிலிருந்து குனிந்து என் தோளைத் தட்டி, "கனகு, நீ இல்லாட்டி எனக்குத் தொண்டையே இல்லைப்பா" என்றார். உன் அத்தை இதைக் கேட்டால் "யோவ், அந்தாளு சோடா கேட்டாரு, நீதான் அப்டி நென்ச்சிக்கின" என்பாள். அவள் அன்று வீட்டில் இருந்தாள், கூட்டத்துக்கு வரவேயில்லை. இதை மலரில் போட வேண்டாம்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். நவராத்திரிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் சங்கத்தின் சார்பில் கொலு, தூணுக்குத் தூண் மாவிலைத் தோரணம், ஒரு நாள் பிரசிடென்டின் பேத்தி மஹதியின் கச்சேரி என்று ஏற்பாடு. ஆயுள் முழுக்க மைக் கட்டிய ஒருவன் இரண்டாம் மாடியில் வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக இருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை? கிடையாது. மூன்றாம் மாடி ஸ்ரீரங்கன் சாரைக் கூப்பிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பைல் தள்ளி ரிடையரானவர், இப்போது ஆடியோ கன்சல்டன்ட் என்று கார்டு அடித்து வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர், கண்ணாடிக் குழாய் எரிகிற ஆம்ப்ளிஃபையர், கேட்பது என்னவோ ஒரே புல்லாங்குழல் ரெக்கார்டு. நான் செய்தால் மைக் செட், அவர் செய்தால் சவுண்ட் டிசைன். நான் ஏணியில் ஏறினால் எலக்ட்ரீஷியன், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டால் நிபுணர்.

கீழே போய்ப் பார்த்தேன். மைக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை வெளிநாட்டு வெள்ளி வயர், மேலே உறையோ கவசமோ ஒன்றும் இல்லை, அதைத் தரையில் படாமல் அடிக்கு ஒரு மரக்கட்டை வைத்துத் தூக்கி வைத்திருக்கிறார். வயருக்குப் பாதரட்சை போட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

"சார், இது காத்துல போறதெல்லாம் புடிச்சிக்கும் சார். நம்ப கடை வயரு ஒண்ணு பரண்ல கீது, கவசம் போட்டது, எடுத்தாரட்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"கனகராஜ், இது சுத்த வெள்ளி. தரையோட அதிர்வு பட்டாலே மேல் ஸ்தாயி மங்கிடும். அதெல்லாம் கேக்கறதுக்குக் காது பழகியிருக்கணும், உங்களுக்கு கூம்பு ஸ்பீக்கர் பழக்கம்" என்றார். அவருக்கும் எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் குக்கர் விசிலே பக்கத்தில் போனால்தான் கேட்கிறது. அவர் மேல் ஸ்தாயியின் மங்கலைக் கேட்கிறாராம்! நான் நம் குடும்பத்துக்கே உரிய பெருந்தன்மையுடன், சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்து, கதவைச் சாத்தி, டிரான்ஸ்மிட்டரைப் போட்டு உபைத்தைக் கூப்பிட்டேன். என் டிரான்ஸ்மிட்டர் உனக்குத் தெரியும், நானே கட்டியது, பழைய வானொலி முறையில் பேசுவது. உன் சீன டப்பா மாதிரி வாத்து கத்துகிற குரல் என்னிடம் கிடையாது. என் குரல் எந்த ரேடியோவில் விழுந்தாலும் கனத்தோடு, கார்வையோடு விழும். அன்றைக்கு அதுதான் வினையாகிவிட்டது.

கீழே மஹதி காம்போஜி ஆலாபனையை ஆரம்பித்திருக்கிறாள். நல்ல பெண், நல்ல குரல். அந்த நேரத்தில் ஸ்ரீரங்கன் சாரின் ஸ்பீக்கரிலிருந்து, "உபைத்து, சிக்னலு எப்டி கீது? ஓவர்" என்று நான் பேசியிருக்கிறேன். கூட்டம் திகைத்திருக்கிறது. உபைத் பதில் சொல்லும் நேரத்தில் ஸ்பீக்கரில் நான் இல்லை, ஆகவே மஹதி தைரியம் வந்து ஒரு சங்கதி பிடித்திருக்கிறாள். அவன் முடித்ததும் மறுபடி நான். "அந்த மூணாவது மாடி ஆளு வயருக்குக் கட்டில் போட்டுப் படுக்க வெச்சிக்கீறாருப்பா. தலகாணி ஒண்ணுதான் பாக்கி. ஓவர்." மறுபடி மஹதி, மேல் ஷட்ஜத்துக்குப் போகப் பார்த்திருக்கிறாள். மறுபடி நான். "பிரசிடென்டம்மா சும்மா பேசினாலே கபாலி கோயில் கொளம் வரிக்கும் கேக்கும், அதுக்கு எதுக்கு நைனா மைக்கு? கூட்டமா? பாட்டுக்கா வந்துது, சுண்டலுக்கு வந்துது. அந்தச் சுண்டல்லயும் தேங்காவப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும். ஓவர்." முன்வரிசை முழுக்கக் கையிலிருந்த சுண்டலைப் பார்த்திருக்கிறது. தேங்காய் இல்லை. யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார், மிருதங்கக்காரர் பழக்கதோஷத்தில் என் "ஓவ"ருக்கு ஒரு தீர்மானம் வைத்துவிட்டார். அன்று இருந்தவர்கள் எல்லோரும் ஒன்று சொல்கிறார்கள்: ஒலி துல்லியம். ஒரு எழுத்து சிதையவில்லை.

உன் அத்தை மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் தட்டினாள். "யோவ், இன்னாய்யா பேசிக்கினு கீற? நீ பேசறது பூரா கீழ ஸ்பீக்கர்ல ஓடிக்கினு கீது! என் கையில சுண்டலு, எல்லாரும் என்னியே பாக்குறாங்க, மானம் போவுது!"

அவள் பின்னாலேயே பிரசிடென்ட். பட்டுப்புடவையோடு வாசலில் நின்று, "மிஸ்டர் கனகராஜ், கொழந்தை அம்பாள் சன்னிதியில பாடிண்டிருக்கா, நீங்க என்னடான்னா சுண்டல்ல தேங்காய் இல்லேன்னு ஊருக்கே சொல்லிண்டிருக்கேளே!" என்றார்.

"ஊருக்கு இல்ல மேடம், உலகத்துக்கு" என்றேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம் என்று தேவானை சொல்கிறாள்.

"நான் அப்பத்தான் தோரணத்தோட நுனியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கப் போனேன். சுளீர்னு விரல்ல ஒரு சக்தி ஏறித்து பாருங்கோ, சாக்ஷாத் அம்பாளே எறங்கி வந்துட்டா! அந்த நேரம் பார்த்து உங்க குரல்! இந்த ஆன்டெனா மாடியில இருந்தா இந்தக் கட்டடத்துல தெய்வம் தங்காது" என்றார். வயசான காலத்தில் விரல் நரம்பு சுளுக்கினால் இவர்களுக்கு அம்பாள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அன்று முதல் தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததற்கு அப்புறம் தோரணத்தைத் தொட்டால் அந்தச் சக்தி ஏறுகிறதாம், காலையில் தொட்டால் இல்லையாம். இலை எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது, கழற்றவிடவில்லை. ஸ்ரீரங்கன் சாரும் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல அதிர்வு இருக்கிறது என்று சான்று கொடுத்திருக்கிறார். பொதுக்குழுவில் இரண்டாவது தீர்மானமே தோரணத்தை யாரும் அவிழ்க்கக் கூடாது, அது நிரந்தரமாக அங்கேயே இருக்கும் என்பது. படித்தவர்கள், செந்தில்! பேங்க் மேனேஜர், இன்ஷூரன்ஸ் ஆபீஸர்! காய்ந்த மாவிலைக்குத் தீர்மானம் போடுகிறார்கள்.

அதோடு விட்டார்களா? என் ஆன்டெனா வந்ததிலிருந்து பிரசிடென்டுக்குத் தூக்கம் இல்லையாம், முதல் மாடியில் தயிர் தோயவில்லையாம், நாலாம் மாடிப் பையனுக்கு முடி கொட்டுகிறதாம். அவன் அப்பனுக்கும் தாத்தாவுக்கும் முடி கிடையாது, அவர்கள் வாழ்ந்தது என் ஆன்டெனா இல்லாத மன்னார்குடியில். இதே கமிட்டிதான் போன வருஷம் செல்போன் டவர் ஒன்றை மாடியில் வைக்க நாயாய் அலைந்தது. வாடகை வருகிற அலை உடம்புக்கு நல்லது போலிருக்கிறது.

ஆகவே உன் சாட்சியம் இதுதான். ஒன்று, மாமாவின் கம்பி மாடியில் இருக்கிறது, மைக் கீழே கார் பக்கத்தில் இருந்தது, நடுவில் நாலு மாடி காங்கிரீட். இரண்டு, கவசம் இல்லாத வெள்ளி வயரைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினால் வருகிற போகிற அலையெல்லாம் அதில்தான் உட்காரும். மூன்று, அவ்வளவு உயரத்திலிருந்து ஜப்பான் வரை போகிற ஆன்டெனா, காலடியில் இருக்கும் கொலுவை ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறது? இதை இங்கிலீஷில் சொல். அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னால்தான் விஞ்ஞானம். வரும்போது அளவு பார்க்கிற மெஷின் ஒன்றையும் எடுத்துவா, அது வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பார்வைக்கு முள் ஆடினால் போதும்.

பொன்மணிக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். உன் அம்மாவிடம் மருமகனின் சாட்சியத்தால் தம்பியின் மானம் காப்பாற்றப்படப் போகிறது என்று சொல். உனக்குச் சம்பள உயர்வும் எனக்கு நல்ல சிக்னலும் கிடைக்கக் கபாலீஸ்வரர் அருள் புரியட்டும். நம் வானொலிக்காரர் வழக்கப்படி, எல்லா வாழ்த்துகளுக்கும் சேர்த்து எழுபத்து மூன்று சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
கம்பம் கனகராஜ்

பி.கு. கவரை ஒட்டும் முன் உன் அத்தை வாங்கிப் படித்தாள். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"யோவ், ஆன்டெனா மாடியில கீதுன்னு எழுதிக்கீற. எந்த மாடியில?"

"தொட்டியில கட்டியிருக்கே, தெரியாதா?"

"தொட்டியில ஒண்ணும் இல்ல. கொலு வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் காத்து அட்சுதே, அன்னிக்கே மேல் முனை அறுந்து, நம்ப பால்கனிலேர்ந்து கீழ தொங்கிக்கினு இருந்துச்சு. கார் எடுக்கறவன் தலையில எல்லாம் இடிச்சுது. பிரசிடென்டம்மா தோரணம் கட்டக் கயிறு கேட்டாங்க. நல்ல கம்பி சும்மா தொங்குது, கயிறு எதுக்குன்னு நான்தான் தூணுக்குத் தூணு இட்து கட்டி மாவெல சொருகினேன். அன்னிக்கே உன்கிட்ட சொன்னேன். நீ ஜப்பான்காரனோட பேசிக்கினு இருந்த."

"அறுந்த கம்பியில ஜப்பான் எப்டிடி வரும்?"

"ஜப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது உபைத் அண்ணன், மூக்கைப் புட்சிக்கினு பேசினது. அவரு சம்சாரம் எனக்கு போன் போட்டுச் சொல்லி அப்டி சிரிக்குது."

செந்தில், மேலே எழுதியதை எல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். ஞாயிறன்று வர வேண்டாம், மெஷினும் வேண்டாம். மாடியிலிருந்து ஆன்டெனாவை எடுக்க வேண்டும் என்ற முதல் தீர்மானத்துக்கு நானே கை தூக்கப்போகிறேன், எடுத்தாகிவிட்டது என்றும் பெருந்தன்மையோடு சொல்லப்போகிறேன். தோரணத்தை எந்தக் காலத்திலும் அவிழ்க்கக் கூடாது என்ற இரண்டாவது தீர்மானத்துக்கு இரண்டு கையும் தூக்கப்போகிறேன். நேற்றுதான் உபைத் சொன்னான், இலை காயக் காய என் குரல் இன்னும் கணீரென்று வருகிறதாம். கச்சேரி அன்றைக்குத் தோரணத்தில் ஒரு மாவிலை பேசியதாகக் கீழ்வீட்டுக் குழந்தை சொல்லி அடி வாங்கியதாம். அந்தக் குழந்தைக்கு மலர் ஒரு பிரதி இலவசமாக அனுப்பு.

எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் நீயும் அம்பாளைக் கும்பிட்டுவிட்டுப் போ. நான் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் நுனியைத் தொடாதே.